உங்கள் கம்பு எந்த இடத்தில் கத்துகிறது, சார்?

கேள்வி: எனக்கு 64 வயது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மதுரை அழகர்கோவில் சாலைப் பக்கம் வீடு. கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது, 50 வயதில் கோல்ஃப் பழகினேன். ஹேண்டிகேப் (குறையக் குறைய நல்ல ஆட்டம் என்கிற கணக்கு) அன்றைக்கு 18, இன்றைக்கு 26. மாதம் ஒருமுறை நண்பர்களோடு கொடைக்கானல் போய் ஆடுகிறேன். மற்ற நாட்களில் மொட்டை மாடியில் வலை கட்டித் தினமும் நூறு பந்து அடிக்கிறேன். தூர அடிக்கான நீள மட்டையான ட்ரைவரில் 200 கெஜம் போன பந்து இப்போது 170 தாண்டுவதில்லை. அதுவும் இடப்பக்கம் கிளம்பி, வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போகிறது. பதினெட்டில் 12ஆவது ஹோல் வருவதற்குள் இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன் புது ட்ரைவர் வாங்கித் தந்தான். பலன் இல்லை. உடம்பில் பலம் போய்விட்டது என்றுதான் தோன்றுகிறது. ஜிம்முக்குப் போகவா, வேறு மட்டை (கிளப்) வாங்கவா, இல்லை வீட்டில் சொல்வதுபோல “போதும், தெப்பக்குளத்தைச் சுத்தி நடங்க” என்று விட்டுவிடவா? பேத்தி எடுத்த வீடியோ இணைத்திருக்கிறேன். பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். மேலூர்ப் பக்கம் கொஞ்சம் தரிசு நிலம் உண்டு.

பதில்:

வணக்கம் சார்.

உங்கள் பேத்தி எடுத்த வீடியோவை நான் முதலில் பார்க்கவே இல்லை. போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதால் கேட்டேன். பக்கத்து வீட்டு மோட்டார், ஒரு காக்கா, “தாத்தா, ரெடி” என்று ஒரு குரல். அப்புறம் ‘விஷ்’. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. அதற்கும் அப்புறம்தான் ‘டொக்’. ஒன்பது பந்து அடித்திருக்கிறீர்கள். ஒன்பதிலும் அந்த இடைவெளி இருந்தது. நீங்கள் தொலைத்த முப்பது கெஜத்தில் பெரும்பங்கு அந்த இடைவெளிக்குள்தான் கிடக்கிறது.

பலம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கோல்ஃப் பந்து 46 கிராம்கூட எடை இல்லை சார். வயதானால் வேகம் குறையும், அதை மறைத்து உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் இருக்கிற வேகத்தைப் பந்துக்கு வந்து சேருவதற்கு முன்னாலேயே நீங்கள் செலவழித்து விடுகிறீர்கள். முதல் தேதியே சம்பளத்தைக் காலி செய்துவிட்டு இருபதாம் தேதி கையைப் பிசைகிற கணக்கு. பாங்க்காரரிடம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இதை எனக்குக் காட்டித் தந்தவர் வாழ்நாளில் ஒரு கோல்ஃப் கிளப்பைத் தொட்டவர் இல்லை. நான் மலையில் பிறந்து வளர்ந்தவன். பன்னிரண்டு வயதில் அடுத்தவர் பேக்கைத் தோளில் தூக்கி இந்த ஆட்டத்துக்குள் வந்தவன். கல்யாணம் ஆன பிறகுதான் கீழே இறங்கினேன். அலங்காநல்லூர்ப் பக்கம் என் மாமனார் ஊர். ஒரு பொங்கல் முடிந்த வாரம், அறுவடையான வயலில் 7 அயர்ன் என்கிற நடுத்தூரக் கிளப்பை வைத்துச் சும்மா வீசிக்கொண்டிருந்தேன். வரப்பில் ஒரு பெரியவர் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், அந்த ஊரில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித் தருகிற ஆசான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, ஒன் கம்பு மேல இருக்கயிலேயே கத்துதே, ஏன்?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. எழுந்து வந்து தன் கம்பை எடுத்தார். வீசினார். எந்த அவசரமும் இல்லை, முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. ஆனால் கம்பு என் முழங்காலைத் தாண்டுகிற இடத்தில் காற்று கிழிந்த சத்தம் வயிற்றைக் கலக்கியது. “காலு போன பெறகு இடுப்பு, இடுப்பு போன பெறகு கை, கைக்குப் பெறகுதான்யா கம்பு. நீ கம்பை மொதல்ல அனுப்புற. எதிராளி இங்கன நிக்கிறான், நீ அங்கனயே அடிச்சு முடிச்சிட்ட.” அன்றைக்கு நான் இருபது வருடமாகக் கோல்ஃப் சொல்லித் தந்துகொண்டிருந்தவன். மாமனார் வேறு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

உங்கள் ஒன்பது பந்துக்கும் அதே வைத்தியம்தான். ட்ரைவரைத் தலைகீழாகப் பிடியுங்கள். தலைப்பகுதிக்குச் சற்றுக் கீழே, ஒல்லியான கம்பியில் இரண்டு கையும் இருக்கட்டும், கைப்பிடி ரப்பர் காற்றில் இருக்கட்டும். பந்து இல்லாமல் வீசுங்கள். சத்தம் எங்கே வருகிறது என்று கேளுங்கள். இன்றைக்கு அது உங்கள் வலது காதோரம் வரும், பந்தயம் கட்டுகிறேன். அது இறங்கி இறங்கி, பந்து இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, இடது முழங்காலுக்கு முன்னால் வர வேண்டும். கையை முறுக்கி அந்தச் சத்தத்தை நகர்த்த முடியாது. மேலே போன கம்பு மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, முதலில் இடது காலில் எடையை இறக்கி, இடுப்பைப் பந்து போகும் பக்கம் திறந்தால் மட்டும்தான் நகரும். ஒரு நாளைக்குப் பதினைந்து வீச்சு போதும். கிளப்பைத் தலைகீழாகப் பிடிக்கக் கூச்சமாக இருந்தால் ஒரு பிரம்புக் கம்பு போதும்.

இப்போது வீடியோவைப் பார்த்ததைச் சொல்கிறேன். போனில் நொடிக்கு 30 ஃபிரேம். உங்கள் கிளப் பந்தை விட்டுக் கிளம்பி உச்சிக்குப் போக 16 ஃபிரேம், உச்சியிலிருந்து பந்துக்கு வர 11. நல்ல ஆட்டக்காரர்கள் பலரிடம் இந்தக் கணக்கு ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றாக இருக்கும், 24க்கு 8 என்பதுபோல. அதாவது நீங்கள் மேலே போகும்போது பறக்கிறீர்கள், கீழே வரும்போது தவழ்கிறீர்கள். வெடுக்கென்று தூக்குகிற கை, உச்சியில் நிற்க நேரமில்லாமல் தோளோடு சேர்ந்து கீழே பாய்கிறது. பாதி வழியில் வேகம் செத்துவிடுகிறது. நிதானமாகத் தூக்குங்கள். மனதுக்குள் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று மேலே போய், “அடி” என்று கீழே வாருங்கள்.

அடுத்தது உங்கள் இடது பாதம். ஆணி அடித்ததுபோலத் தரையில் இருக்கிறது. “பாதம் அசையக் கூடாது” என்று ஏதோ வீடியோவில் ஒரு இளைஞன் சொல்லியிருப்பான். அவனுக்கு இருபத்தைந்து வயது. உங்கள் இடுப்புப் பிடிப்புக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இந்தப் பாதத்தைத்தான். விஷயம் இது: நம் முதுகெலும்பின் கீழ்ப்பகுதி, வேட்டி கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஐந்து எலும்பும் சேர்ந்து, ஒரு பக்கத்துக்குச் சுமார் பத்து டிகிரிதான் திரும்பும். அது குனிந்து நிமிர அமைந்தது, முறுக்க அமைந்ததல்ல. திரும்புகிற வேலையெல்லாம் தொடை சேரும் மூட்டிலும் மேல்முதுகிலும் நடக்க வேண்டும். முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்கு அந்த இரண்டு இடமும்தான் முதலில் இறுகும். பாதத்தையும் பூட்டிவிட்டால் மிச்ச முறுக்கு முழுவதும் நடுவில் இருக்கிற அப்பாவியின் தலையில் விழுகிறது. ஒரு ஆட்டத்துக்கு அடியும் ஒத்திகையும் சேர்த்து நூற்றைம்பது முறை அவனை முறுக்கினால் 12ஆவது ஹோலில் அவன் வேலைநிறுத்தம் செய்யாமல் என்ன செய்வான்?

ஆகவே கிளப் மேலே போகும்போது இடது குதிகால் தரையை விட்டு எழும்பட்டும். தானாக எழும்ப வேண்டும், நீங்கள் தூக்க வேண்டாம். கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் தன் ஆட்டக்காலம் முழுக்க அப்படித்தான் ஆடினார். 1986இல் மாஸ்டர்ஸ் என்கிற பெரிய போட்டியில் பட்டம் வாங்கும்போது அவருக்கு 46 வயது. நிற்கும்போது வலது பாதத்தையும் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். திரும்புவதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். கிளப் தரைக்கு இணையாகத் தலைக்குப் பின்னால் போக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். முக்கால் தூரம் போதும். கீழே வரும்போது அந்தக் குதிகாலைத் தரையில் ஊன்றுவதுதான் முதல் வேலை. ஆசான் சொன்ன “காலு போன பெறகு” இதுதான்.

அடித்து முடித்த பிறகு உங்கள் பெல்ட் பக்கிள் எங்கே பார்க்கிறது என்று பார்த்தேன். மாடிப்படியைப் பார்க்கிறது. வலையைப் பார்க்க வேண்டும். எடை முழுவதும் வலது காலிலேயே தங்கி, பின்னால் சாய்ந்து நிற்கிறீர்கள். தலையோ கீழே பந்து இருந்த இடத்தை முறைத்துக்கொண்டிருக்கிறது. “தலையைத் தூக்காதே” என்பது இந்த ஆட்டத்தில் மிக அதிகமாகச் சொல்லப்படுகிற, வயதானவர்களுக்கு மிக அதிகமாகக் கெடுதல் செய்கிற அறிவுரை. நானே பல வருடம் அதைச் சொல்லியிருக்கிறேன். யார் யார் கழுத்து வலித்ததோ, அவர்கள் மன்னிக்கட்டும். பந்து போனதும் தலையும் உடம்போடு சேர்ந்து போகட்டும். வலது குதிகால் மேலே எழும்பி, கட்டைவிரல் மட்டும் தரையில் இருந்தால் சரியாக முடித்திருக்கிறீர்கள்.

இனி அந்த ஸ்லைஸ், அதாவது வலப்பக்க வளைவு. பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைகிறது என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், பாதி வைத்தியம் அதிலேயே முடிந்தது. பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் அடிக்கும் நேரத்தில் கிளப்பின் முகம் பார்க்கிற திசை தீர்மானிக்கிறது. எந்தப் பக்கம் வளைகிறது என்பதை, அந்த முகத்துக்கும் கிளப் வருகிற பாதைக்கும் உள்ள வித்தியாசம் தீர்மானிக்கிறது. உங்கள் முகம் கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கிறது. பாதை அதைவிட அதிகமாக இடப்பக்கம் போகிறது. வெளியிலிருந்து உள்ளே இழுத்து, பந்தின் கன்னத்தைச் சீவுகிறீர்கள். காரணம் பழைய காரணம்தான்: தோளும் கையும் முதலில் பாய்ந்தால் கிளப் வெளிவழியாகத்தான் வர முடியும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பந்து வலப்பக்கம் போகிறது என்று பயந்து நீங்கள் இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்கிறீர்கள். வீடியோவில் இரண்டு பாதத்தையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தால் அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறது. இடப்பக்கம் திரும்பத் திரும்பப் பாதையும் இடப்பக்கம் போகும், சீவல் அதிகமாகும், வளைவு கூடும். மறுபடி இன்னும் கொஞ்சம் திரும்புவீர்கள். வட்டிக்கு வட்டி. மாடித் தரையில் வலையை நோக்கி ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, அதற்கு இணையாகப் பாதங்களை வையுங்கள். முதல் நாள் வலப்பக்கம் வயலுக்குள் அடிக்கப் போவதுபோலத் தோன்றும். தோன்றட்டும்.

பிடி. இடது கையைக் கைப்பிடியில் வைத்துவிட்டு மேலிருந்து பார்த்தால் உங்களுக்கு ஒரு விரல்முட்டிதான் தெரிகிறது. இரண்டு, இரண்டரை தெரிகிற அளவுக்குக் கையை வலப்பக்கம் உருட்டுங்கள். இதனால் மட்டுமே முகம் மூடி வந்து வளைவில் பாதி குறையும். இரண்டு வாரத்துக்கு அடுத்தவர் செருப்பைப் போட்டதுபோல இருக்கும். திரும்பப் பழைய பிடிக்குப் போய்விடாதீர்கள். இறுக்கம் குறையட்டும். வீடியோவில் உங்கள் முன்கை நரம்பு எனக்கு எண்ண முடிந்தது. கிளப்பில் ரப்பர் காய்ந்து வழவழத்துப் போயிருந்தால் கை தானாக இறுகும். மதுரை வெயிலில் காரின் டிக்கியிலேயே பேக்கை வைத்திருப்பவருக்கு அது சீக்கிரமே காயும். விரல் மூட்டு வலி இருந்தால் ஒரு சுற்றுப் பருமனான கைப்பிடி மாட்டச் சொல்லுங்கள். ட்ரைவருக்குக் கொடுக்கிற காசில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.

மகன் வாங்கித் தந்த ட்ரைவரைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. படத்தில் தெரிகிற எழுத்தை வைத்துப் பார்த்தால் அதன் முகம் சாய்ந்த கோணம் 9 டிகிரி, கம்பி விறைப்பான ஸ்டிஃப் ஷாஃப்ட். முப்பது வயதில் வேகமாக வீசுகிற ஆளுக்கு உரியது. பிள்ளை தனக்குப் பிடித்ததை அப்பாவுக்கு வாங்கியிருக்கிறான். மெதுவான வீச்சில் பந்தை மேலே அனுப்ப அந்தக் கோணம் போதாது. பந்து எழும்பாமலேயே விழும். உங்களுக்கு 12 டிகிரி, கொஞ்சம் வளைந்து கொடுக்கிற ரெகுலர் அல்லது சீனியர் ஷாஃப்ட் பொருந்தும். ஆனால் இப்போது எதையும் வாங்க வேண்டாம். உங்கள் பழைய பேக்கில் 3 வுட் இருக்கும். அது ட்ரைவரைவிட ஏறக்குறைய இரண்டு அங்குலம் குட்டை, கோணமும் அதிகம். பந்தை டீ என்கிற சின்னக் குச்சிமேல் வைத்து, அந்த 3 வுட்டால் இரண்டு மாதம் அடியுங்கள். மகன் வந்து கேட்டால், ஆசிரியர் சொல்லிவிட்டார் என்று என் தலையில் போடுங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்று கை அரித்தால், 4, 5 அயர்னைக் கொடுத்துவிட்டு அயர்னும் வுட்டும் கலந்த ஹைப்ரிட் இரண்டு வாங்கலாம். அந்த நீள அயர்ன்களை இந்த வயதில் யாரும் ரசித்து அடித்து நான் பார்த்ததில்லை.

மொட்டை மாடியில் தினமும் நூறு பந்து என்பதைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் நான் செய்த முட்டாள்தனம் அது. ஒரு பயிற்சிக்கூடத்தில் சிமென்ட் தரைமேல் மெல்லிய மேட் விரித்து, போட்டிக்குத் தயாராகிறேன் என்று தினமும் முந்நூறு பந்து அடித்தேன். மூன்றாவது வாரம் இடது முழங்கை போனது. தண்ணீர் நிறைந்த செம்பைத் தூக்கினால் கண்ணில் நீர் வரும். சரியாக நான்கு மாதம் ஆனது. புல்தரையில் கிளப் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கி வேகம் தணியும். சிமென்டில் அந்த அதிர்ச்சி முழுக்க முழங்கைக்குத்தான் வரும். கயிற்று மிதியடி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அதன்மேல் அடியுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், முப்பது பந்து. அதிலும் இருபது 7 அயர்னில், பாதி வீச்சு. பாதங்கள் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு பத்து பந்து அடித்துப் பாருங்கள். அவசரப்பட்டால் நீங்களே தள்ளாடுவீர்கள், எனக்கு எழுத வேண்டிய தேவை இருக்காது.

வலைக்கு இன்னொரு குறை உண்டு. பந்து எங்கே போயிருக்கும் என்று சொல்லாது. எல்லா அடிக்கும் ஒரே மாதிரி ‘தப்’ என்று பாராட்டும். கிளப் முகத்தில் டால்கம் பவுடரைப் பூசிவிட்டு அடித்தால், பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். நடுவில் பட்டால் பத்து கெஜம் இலவசம். நுனியிலும் அடியிலும் பட்டால் எவ்வளவு பலம் இருந்தும் வீண். விபூதியும் இதற்கு வேலை செய்யும், ஆனால் பூஜை அறையில் கணக்குக் கேட்பார்கள்.

மேலூர்ப் பக்கம் உங்களுக்குத் தரிசு நிலம் இருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. காலையில் ஆறரை மணிக்குப் போங்கள், எட்டு மணிக்குள் வந்துவிடலாம். ஒரு பிடி கோலமாவு கொண்டுபோய்ப் புல்லில் இரண்டு முழத்துக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். கோடு உங்கள் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வருகிறமாதிரி, அதற்குக் குறுக்கே நின்று, பந்து இல்லாமல் 7 அயர்னை வீசுங்கள். மண்ணில் வெட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். கோட்டுக்கு வலப்பக்கம் விழுந்தால் எடை வலது காலிலேயே தங்கியிருக்கிறது, பந்துக்கு முன்னாலேயே மண்ணை வெட்டுகிறீர்கள். கோட்டில் தொடங்கி இடப்பக்கம் போக வேண்டும். கோலமாவு பொய் சொல்லாது, நானும் வீடியோவும் சில சமயம் சொல்வோம். ட்ரைவருக்கு மட்டும் இந்த விதி மாறும். அங்கே பந்து டீமேல், இடது குதிகாலுக்கு நேரே, மேல்நோக்கி எழும்புகிற அடி.

ஜிம் பற்றிக் கேட்டீர்கள். போகலாம், கைக்காகப் போகாதீர்கள். காலும் பின்பக்கமும்தான் இந்த ஆட்டத்தின் எஞ்சின். வீட்டிலேயே தொடங்குங்கள்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சாப்பாட்டு மேசையை விட்டுவிட்டு ஒரு வேளையாவது தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுங்கள், முழங்கால் இடம் கொடுத்தால். நம் பாட்டன்மாருக்கு இடுப்பு மூட்டு இறுகாததற்கு ஆசனவகுப்பு காரணமில்லை, பந்தி காரணம். மேல்முதுகுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து தலையணையைக் கட்டிக்கொண்டு, முழங்கால் அசையாமல் இடமும் வலமும் மெதுவாகப் பத்து முறை திரும்புங்கள். இடுப்பு வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப் போனாலோ, இரவில் எழுப்பினாலோ இதையெல்லாம் மூடி வைத்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பிபி மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதால் பந்தை எடுக்கக் குனிந்து சட்டென்று நிமிர வேண்டாம். கிளப்பை ஊன்றிக்கொண்டு நிதானமாக எழுங்கள்.

கொடைக்கானல் நாளைப் பற்றிச் சொல்கிறேன். விடியற்காலையில் கிளம்பி, வத்தலக்குண்டில் ஒரு டீ, அப்புறம் மலைப்பாதை வளைவுகள், மூன்று மூன்றரை மணி நேரம் மடங்கிய முழங்காலோடு உட்கார்ந்து வருகிறீர்கள். இறங்கியதும் ஷூவை மாட்டி நேரே முதல் அடி அடிக்கும் டீ மேடைக்குப் போய் ட்ரைவரை வீசுகிறீர்கள். குளிரில் விறைத்த உடம்பு வேறு. உங்கள் நண்பர்கள் நால்வரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பார்க்காமலே சொல்வேன், மதுரைக் கார்கள் வந்து நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். பெருமாள்மலையில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் நடங்கள். மைதானத்தில் இருபது நிமிடம் ஒதுக்கி, முதலில் பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது), பிறகு குட்டை அடி, கடைசியாக மூன்றே மூன்று பெரிய வீச்சு. குழிக்கு நெருக்கமான முன் டீ மேடையிலிருந்து ஆடுங்கள். அதற்குப் ‘பெண்கள் டீ’ என்று யாராவது கேலி செய்தால், ஆட்டம் முடிந்து டீக்கடையில் யார் காசு கொடுக்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு. 1895இல் தொடங்கிய அந்த மைதானம் கடல் மட்டத்துக்கு இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிந்தது. பந்து கொஞ்சம் கூடுதலாகப் போகும், வளைவும் கொஞ்சம் குறையும். உங்கள் 170 கெஜத்தில் மலை தந்த தள்ளுபடியும் சேர்ந்திருக்கிறது. கோயம்புத்தூர் 200ஐ இதோடு வைத்துப் பார்க்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன், மனம் உடைய அல்ல. சரிவில் பந்து பாதத்தைவிட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் போகும், தாழ்வில் இருந்தால் வலப்பக்கம். ஸ்லைஸ்காரர் தாழ்வில் நிற்கும்போது பெரிய கிளப்பை எடுக்கவே கூடாது. காட்டெருமை ஃபேர்வே புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தால் காத்திருங்கள், அதற்கு முன்னுரிமை.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. 2009இல் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் பழைய சாம்பியன் டாம் வாட்சன் ஆடினார். வயது 59. முந்தைய ஆண்டுதான் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர். கடைசி ஹோலைப் பாரில், அதாவது அதற்கு வைத்த அடிக்கணக்கில், முடித்தால் கோப்பை. ட்ரைவ் நன்றாக இருந்தது, அயர்ன் அடி கிரீனை (குழி இருக்கிற புல்தரையை)த் தாண்டி ஓடியது, எட்டடித் தூரத்துப் பட் போகவில்லை. சமநிலையை முடிக்கிற பிளேஆஃப் ஆட்டத்தில் ஸ்டூவர்ட் சிங்க் ஜெயித்தார். 59 வயது உடம்பின் வீச்சு நான்கு நாளும் தாங்கியது. போனது எட்டடியில். உங்கள் ஸ்கோர் கார்டை எடுத்துப் பாருங்கள். ஆட்டத்தை முடிக்க நூறு அடி அடித்த நாளில் முப்பத்தைந்து, நாற்பது பட்டிங்காக இருக்கும். ஹாலில் ஜமக்காளத்தை விரித்து, எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்து, இரவுச் செய்தி ஓடும்போது ஐந்தடியிலிருந்து இருபது பட் அடியுங்கள். இதில் இளைஞனுக்கு உங்களைவிட ஒரு கெஜம்கூட முன்னிலை கிடையாது. டம்ளர் சத்தம் வீட்டில் பிடிக்காமல் போனால் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பதையும் சேர்த்துக்கொள்வதாக ஒப்பந்தம் போடுங்கள். அந்த நடையும் 18 ஹோலுக்கு வேண்டியதுதான், உங்கள் வீட்டம்மா சொன்னதில் தப்பில்லை.

ஆறு வாரம் கழித்து இன்னொரு வீடியோ அனுப்புங்கள். பேத்தியை உங்கள் மார்புக்கு நேரே, நான்கு கெஜம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இந்த முறை அவள் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டாள், கிளப் வீசும்போது அது ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போடுவதற்கு முன்னால் எடுங்கள். எனக்கு அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும்.